ஆல்டோ பாடும் கோல்கீப்பர்

நெஸ்டா ப்ரோபர்ட்டைப் பற்றி எழுத எங்கள் ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் பதினைந்து வயதுவரைதான் இருந்தேன், அதிலும் பாதி நாள் என் கண் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் அவளுடைய கால்பந்து அணியை இருபத்தாறு வருஷம் என் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தென் வேல்ஸ் முழுக்கச் சுற்றியவன் நான். போன வருஷம் நூலகத்திலிருந்து படித்தவர்கள் இரண்டு பேர் வந்து அணியின் வரலாற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அச்சிட்டு வந்ததில் நான்கு தப்பு. என் பெயரையே தப்பாகப் போட்டிருந்தார்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

என் பெயர் மோஸ்டின் பீனன். கூம்ஹெலிக் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் 'பஸ் மோஸ்டின்' என்பார்கள். பின்கதவு சரியாக மூடாத ஒரு பழைய வண்டியில் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றத் தொடங்கிப் பதினொரு பேருந்துவரை கொண்டுவந்தவன். யார் தயவும் இல்லாமல் வந்தவன். என்னைப் பற்றி இவ்வளவு போதும். இது நெஸ்டாவின் கதை.

நெஸ்டா சுரங்கத்துக் கேன்டீனில் வேலை பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்து கரி அப்பிய முகத்தோடு முந்நூறு ஆண்கள் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். கொதிக்கிற டீ அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கி மேடையில் வைப்பாள். குடித்து முடித்தவர்கள் குவளையைக் கொண்டுவந்து வைக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளை நோக்கி வீசுவார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. பேசிக்கொண்டே எல்லாவற்றையும் பிடித்துத் தொட்டியில் போடுவாள். ஒன்பது வருஷத்தில் மூன்று குவளைதான் உடைந்தது என்று அவளே சொல்வாள். அவள் எங்கே கோல்கீப்பிங் கற்றாள் என்று அந்த நூலகத்துக்காரர்கள் கேட்டார்கள். இதோ, இங்கேதான் கற்றாள்.

அவள் குடும்பத்தில் பந்து புதிதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் முதலாளிகள் சுரங்கத்தைப் பூட்டிப் போட்டபோது, பசித்த வீடுகளுக்குச் சூப் காய்ச்சக் காசு வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் ஓர் அணி கட்டி ஆடினார்கள். நெஸ்டாவின் அத்தை கைன்வென் அதில் வலது ஓரத்தில் ஓடியவள். நாலாயிரம் பேர் பார்க்க வந்தார்களாம். அதைக் கண்டு மேலே இருந்த பெரிய மனிதர்களுக்கு வயிறு எரிந்தது. பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஐம்பது வருஷம் அது அப்படியே கிடந்தது.

எழுபத்து மூன்றில் ஊர்த் திருவிழாவுக்கு வேடிக்கையாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். ஆண்களுக்கு எதிராகக் கேன்டீன் பெண்கள். பெண்களாச்சே, பாவம் என்று ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடினார்கள். நான்குக்கு ஒன்று என்று பெண்கள் ஜெயித்தார்கள்.

"கையைக் கட்டாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி" என்று ஒருவன் முனகினான்.

"கால்பந்துக்குக் கை எதுக்குடா?" என்றாள் நெஸ்டா. "ஒங்க கோல்கீப்பர் கை அவுந்துதானே இருந்துச்சு? அதையும் கட்டியிருந்தா ஒருவேளை நல்லா ஆடியிருப்பான்."

அன்று மாலையே கூம்ஹெலிக் பெண்கள் அணி பிறந்தது. கறுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட சட்டை. நெஸ்டாதான் கோல்கீப்பர், கேப்டன், செயலாளர், சட்டை துவைப்பவள். எழுபத்தேழில் லீக்கில் சேர்ந்தார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போகப் பேருந்து யார் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த லீக்கில் ஒரு விதி உண்டு. ஒரே பருவத்தில் மூன்று முறை ஆட்டத்துக்கு வராமல் போனால் அணியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். எழுபத்தொன்பதில் நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை போகவில்லை. முதல் முறை மலைச்சாலையில் ஆளுயரப் பனி. அதற்கு நானும் என் பேருந்தும் பொறுப்பல்ல, கடவுளே அன்று வண்டி ஓட்டியிருக்க முடியாது. இரண்டாம் முறை எங்கள் முன்வரிசை ஆட்டக்காரி மெரியலுக்குக் கல்யாணம். மொத்த அணியும் மணப்பெண் தோழிகள். இளஞ்சிவப்புக் கவுனோடு எப்படி ஆடுவது?

மூன்றாவதைத் தேடிக்கொண்டவள் நெஸ்டாவேதான்.

பருவத் தொடக்கத்தில் லீக் ஆபீஸ் ஒரு படிவம் அனுப்பும். எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை உங்களால் ஆட முடியாது என்று அதில் எழுத வேண்டும். நெஸ்டா அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டாள். மே மாதம் இரண்டாம் ஞாயிறு எங்கள் ஊர்த் தேவாலயமான சேப்பலில் பாமாலை விழா. அன்று முழுநாளும் ஊரே நான்கு குரலில் பாடும்; அதில் பெண்களின் தாழ்ந்த குரல்தான் ஆல்டோ. வெளியூரிலிருந்தும் பாட வருவார்கள், எல்லார் வீட்டிலும் புதுத் தொப்பி, பின்னறையில் ஹாம், கேக், டீ. கிறிஸ்துமஸ் அன்று ஆட மாட்டோம் என்று யாராவது படிவத்தில் எழுதுவார்களா? அதைப் போலத்தான் அவளுக்கு இதுவும். உலகத்தில் எவனும் அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொட மாட்டான் என்று நினைத்தாள். அவள் மட்டுமல்ல, எங்கள் ஊரில் யார் எழுதியிருந்தாலும் காலியாகத்தான் விட்டிருப்பார்கள். நானும்தான்.

கார்டிஃபில் உட்கார்ந்திருந்த லீக்காரருக்கு எங்கள் விழா எப்படித் தெரியும்? பருவத்தின் கடைசி ஆட்டத்தை அந்த ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கே போட்டுவிட்டார், பாரி துறைமுகத்து அணியோடு, எங்கள் மைதானத்தில். கடிதம் வந்த அன்று நெஸ்டா என் கொட்டகைக்கு ஓடி வந்தாள். நான் ஒரு பேருந்துக்கு அடியில் படுத்திருந்தேன்.

"அண்ணே, வெளிய வாங்க. நான் அணியைக் கொன்னுட்டேன்."

"யாரை?"

"அணியைண்ணே! ஆல்டோ பாடுற பதினாலு பேர்ல ஒம்பது பேரு என் டீம். நானே முதல் வரிசை. ரெண்டு மணிக்கு சேப்பல்ல உக்காரணும். ரெண்டரைக்குப் பாரிக்காரிங்க முன்னாடி நிக்கணும்."

"தேதியை மாத்தச் சொல்லு."

"போன் போட்டுக் கேட்டேன். பருவம் முடியுதாம், வேற தேதி இல்லையாம். ரெண்டு அணியும் ஒத்துக்கிட்டா அன்னைக்கே நேரத்தை மட்டும் மாத்திக்கலாமாம். இல்லேன்னா மூணாவது தடவைதான், அடிச்சிருவேன்னுட்டாரு."

"அப்போ காலையிலேயே ஆடிடு."

"காலைல ஆட மைதானச் சாவி யாரு கையில இருக்கு?"

நான் பேருந்துக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். மைதானக் கமிட்டியின் தலைவர் இத்வல் பியூ. சேப்பலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அதே இத்வல் பியூதான். ஒல்லியான மனிதர், எப்போதும் கறுப்புக் கோட்டு. ஒரு குரல் கால் சுரம் இறங்கினால் வரிசையில் யார் என்று பெயர் சொல்லிச் சுட்டுவார். பெண்கள் பந்து ஆடுவது பற்றி அவர் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை, கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. சாவியைக் கொடுக்கும்போது மேலே பார்ப்பார், அவ்வளவுதான்.

நெஸ்டா தனியாகப் போக மாட்டேன் என்றாள். ஊரில் மதிப்பான ஆள் கூட வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். இத்வல் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்.

"பாமாலை விழா அன்னைக்கா?" என்றார். நெஸ்டா விடவில்லை.

"காலைல பதினொன்னரைக்குத் தொடங்கி ஒன்னேகாலுக்கு முடிச்சிடுவோம் ஐயா. காலைல சின்னப் பிள்ளைங்க பாட்டுதானே, ஆல்டோ வேண்டாமே."

"ஓடிக் களைச்சவளுக்கு மூச்சு நிக்குமா? அந்தச் சோகப் பாட்டுல மூணாவது வரி முழுக்க ஆல்டோதான் தாங்குது. தெரியுமில்ல?"

"ஐயா, கேன்டீன்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து ஒங்க ஒத்திகையில பாடுறேன். என்னைக்காவது மூச்சு வாங்கியிருக்கேனா?"

இத்வல் யோசித்தார். அந்த மனிதர் பொய் சொல்லாதவர். அவள் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரியும்.

"சாவி தர்றேன்" என்றார். "ரெண்டு மணிக்கு ஒம்பது பேரும் எடத்துல இருக்கணும். ஒருத்தி கொறஞ்சாலும் அதுக்கப்பறம் பெண்களுக்கு இந்தச் சாவி கிடையாது. எப்பவுமே கிடையாது."

"சரி ஐயா" என்றாள் நெஸ்டா. தெருமுனை திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடலேன்னா லீக் போச்சு. பிந்தினா மைதானம் போச்சு. அண்ணே, பாரிக்காரிங்க இவ்வளவு சீக்கிரம் எப்படி வருவாங்க?"

"நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். வேறு யாரால் முடியும்?

பாரி அணியின் கேப்டன் ரீட்டா என்று ஒருத்தி, கப்பல்துறையில் கிரேன் ஓட்டியவளின் மகள். நெஸ்டா தொலைபேசிச் சாவடியிலிருந்து கெஞ்சினாள். ரீட்டா ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஆட்டம் முடிஞ்சு திங்க என்ன இருக்கு?" பின்னறையில் ஹாம், பழ ரொட்டி, கல்லில் சுட்ட கேக், மூன்று வகை ஜாம் என்று நெஸ்டா சொல்லி முடிப்பதற்குள், "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கே பாரியில் பேருந்தை நிறுத்தினேன். அவர்களுடைய கோல்கீப்பர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் ஹார்ன் அடித்து அந்தத் தெருவையே எழுப்பினேன். பிறகு மலைமேல் நூற்றுக்கணக்கில் ஆடுகள் சாலையின் நடுவே படுத்துக் கிடந்தன. பந்து ஆட வந்த பெண்களே இறங்கித் துரத்தினார்கள். மைதானத்துக்கு வரும்போது பதினொன்றே முக்கால். நடுவர் மிஸ்டர் லோவல், நியூபோர்ட்டிலிருந்து வந்த சிடுமூஞ்சி, வாயில் விசிலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"லேட்டு" என்றார்.

"சீக்கிரம் ஊதுங்க சார்" என்றாள் நெஸ்டா. "ஒங்களுக்கும் ஹாம் உண்டு."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆட்டம் தொடங்கியது. எங்கள் மைதானம் ஆற்றைப் பார்த்துச் சரிந்திருக்கும். பழகியவர்களுக்கு அது வரம், புதியவர்களுக்கு வதை. மெரியல் கல்யாணமான பிறகு இன்னும் வேகமாக ஓடினாள், கால் மணி நேரத்தில் இரண்டு கோல். கோட்டோரம் நின்று கத்தி என் தொண்டை கட்டியது, மதியம் பாட வேண்டியவன் நான் என்பதையே மறந்துவிட்டேன்.

நெஸ்டாவின் மனம் மட்டும் ஆட்டத்தில் இல்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மணி கேட்டாள். என் கடிகாரம் ஒரு வினாடி பிசகாது. பேருந்து ஓட்டுகிறவனுக்கு அது இல்லாமல் முடியுமா?

"அண்ணே, மணி?"

"பன்னெண்டு இருபது. பந்தைப் பாரு."

அவள் தலையைத் திருப்பிய அந்த நொடியில் ரீட்டா அடித்தாள், கோல். ஒன்பது வருஷம் குவளை பிடித்தவள் வாழ்க்கையில் விட்ட மிகச் சுலபமான பந்து அது.

"கடிகாரத்தை ஜேபியில போடுங்க!" என்று எங்கள் பெண்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். என் குற்றமா அது?

பிறகு ஆறு குறுக்கிட்டது. பாரிக்காரி ஒருத்தி ஓங்கி அடித்த பந்து சரிவில் உருண்டு ஆற்றில் விழுந்து போய்விட்டது. இருந்த மாற்றுப் பந்தும் பத்து நிமிடத்தில் அதே வழியில் போனது. மூன்றாவது பந்து கிடையாது. நெஸ்டா கோலை விட்டு ஓடி, பூட்ஸோடு முழங்கால் ஆழ நீரில் இறங்கி, கல்லில் தட்டி நின்ற பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினாள். ரீட்டாவே கைதட்டினாள்.

"இவ மீனையும் பிடிப்பா போலிருக்கே!"

"பேசாம ஆடுடி, மணி ஆகுது!"

அந்தக் கலவரத்திலும் ஈரத்திலும் பாரி அணி மேலும் இரண்டு கோல் போட்டது. மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் தோற்றோம். லோவல் கடைசி விசில் ஊதும்போது ஒன்று ஐம்பத்து மூன்று. தோற்ற வருத்தம் ஒருத்தி முகத்திலும் இல்லை. சட்டை மாற்ற நேரமில்லை, முகம் கழுவ நேரமில்லை. ஒன்பது ஆல்டோக்களும் பேருந்தில் பாய்ந்து ஏறினார்கள். ஹாம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாங்களும் என்று பாரிக்காரிகளும் ஏறினார்கள். அந்த மேட்டுத் தெருவில் என்னைப் போல் வண்டி ஏற்றியவன் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திருப்பத்தில் பாதிப் பேர் மடியில் பாதிப் பேர்.

சேப்பல் கதவை நெஸ்டா தள்ளியபோது என் கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தொன்பது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு தாண்டிவிட்டது என்று இன்றைக்கும் சில பேர் சொல்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தை யார் நம்புவது?

நானூறு புதுத் தொப்பிகள் ஒரே நேரத்தில் திரும்பின. கறுப்பு மஞ்சள் சட்டை, முழங்கால் வரை சேறு, நெஸ்டாவின் பூட்ஸிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சதக் சதக் என்று விரிப்பில் இறங்கியது. பின்னாலேயே சிவப்புச் சட்டையில் பன்னிரண்டு அந்நியப் பெண்கள். முன்னால் நின்ற இத்வல் பியூ ஒன்பது தலைகளையும் விரல் விட்டு எண்ணினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கதவைச் சாத்துங்க" என்றார். "வெளியூர்ப் பெண்கள் மாடிக்குப் போகலாம், எடம் இருக்கு. ஆல்டோ, நிமிந்து உக்காருங்க."

பாட்டு தொடங்கியது. அந்தச் சோகப் பாட்டேதான். மூன்றாவது வரியில் ஆல்டோ எழுந்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. கட்டிய தொண்டையோடு நானும் கீழ்க்குரலில் தாங்கினேன், சுமாராக இருந்தது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது.

இரண்டாம் சரணத்தில் கதவு மறுபடி திறந்தது. மூச்சிரைக்க, அரைக்கால் சட்டையில், நடுவர் லோவல். கையில் ஓர் அட்டை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்ட அட்டையில் இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போடாவிட்டால் ஆட்டம் நடந்ததாகவே கணக்கில்லை. அவசரத்தில் ஓடி வந்துவிட்டோம்! மனிதர் அந்த மேடு முழுக்க எங்கள் பின்னால் நடந்தே ஏறி வந்திருக்கிறார். நாங்கள் நினைத்த அளவு சிடுமூஞ்சி இல்லை.

அவர் பக்கவாட்டுப் பாதையில் குனிந்தபடி வந்து நெஸ்டாவின் பக்கத்தில் நின்றார். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார். பாவம், நியூபோர்ட்காரர், எங்கள் வழக்கம் தெரியாது. கடைசிச் சரணம் நன்றாக அமைந்துவிட்டால் நாங்கள் நிறுத்த மாட்டோம். மறுபடி அதே சரணம். மறுபடியும். அன்று அமைந்திருந்தது. மூன்றாம் தரம் பாடும்போது லோவல் பொறுமையிழந்து அட்டையை நெஸ்டாவின் பாமாலைப் புத்தகத்தின்மேல் வைத்தார். பிறகு தன் சட்டைப் பையைத் தடவினார். மறுபக்கத்தையும் தடவினார். பேனா இல்லை, மைதானத்துச் சேற்றில் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

"யார்கிட்டயாவது பேனா இருக்கா?" என்று கிசுகிசுத்தார். பந்தாட்டச் சட்டையிலோ ஞாயிற்றுக்கிழமைக் கவுனிலோ பேனா வைத்திருப்பவள் யார்? ஆல்டோ வரிசை முழுக்கப் பாடிக்கொண்டே தலையாட்டியது.

முன்னால் நின்ற இத்வல் பியூ திரும்பினார். சேறு படிந்த முழங்கால்களைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நெஸ்டாவைப் பார்த்தார். அவள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒரு சுரம்கூட இறங்காமல், அந்த மூன்றாவது வரியைத் தாங்கிக்கொண்டிருந்தாள். இத்வல் கோட்டுக்குள் கைவிட்டுத் தன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பக்கத்து மூப்பரிடம் கொடுத்தார். அவர் பின்வரிசைக்கு, அவர்கள் அடுத்த வரிசைக்கு என்று, பாடுகிற கைகள் வழியாகவே அந்தப் பேனா தவழ்ந்து வந்தது.

நெஸ்டா பாட்டை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டாள். அட்டை மாடிக்குப் போனது. ரீட்டா அதில் போட்டது கையெழுத்தா கோழிக்கிறுக்கலா என்று தெரியவில்லை, அவளும் பாடிக்கொண்டிருந்தாள், சொல் தெரியாமல் வெறும் ஆ... ஆ... என்று. கீழே இத்வல் ஒரு விரலை உயர்த்தினார், இன்னொரு முறை என்று. லோவல் வேறு வழியில்லாமல் ஆல்டோ வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். நாலாவது தரம் நாங்கள் அந்தச் சரணத்தை எடுத்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அவரும் வாயைத் திறந்தார்.